ஆறாம் வேற்றுமையில் ஒரு மலர்

மைசூரு நகரின் பழைய பகுதிகள் பலவற்றின் பெயர் 'மொஹல்லா' என்று முடிகிறது. அரபியில் தோன்றிப் பாரசீகம், உருது வழியாகக் கன்னட நாட்டுக்கு வந்த சொல் அது. குடியிருப்புப் பகுதி என்பது பொருள். லஷ்கர் என்றால் படை; லஷ்கர் மொஹல்லாவின் பழைய தொடர்பு அதன் பெயரிலேயே இருக்கிறது. மண்டி மொஹல்லாவுக்கு விளக்கம் தேவையில்லை. அரிசி மண்டி, வெங்காய மண்டி என்று அச்சொல்லைத் தமிழரும் நாள்தோறும் ஆள்கின்றனர். தேவராஜ மொஹல்லா, கிருஷ்ணராஜ மொஹல்லா, சாமராஜ மொஹல்லா ஆகியவையோ உடையார் மன்னர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஓரிடத்தில் என்ன நடந்தது என்று சொல்லும் பெயர் ஒருவகை. அவ்விடம் யாருடையது என்று சொல்லும் பெயர் இன்னொரு வகை.

தாவரங்களுக்கு இடப்பட்ட பெயர்களிலும் இவ்விரு வகைகளும் உள்ளன. இரண்டாம் வகைப் பெயரைப் பெற்ற தென்னிந்தியச் செடி ஒன்றின் வரலாறு, பெயரிடுதலுக்கும் பேணுதலுக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கக்கூடும் என்பதைக் காட்டுகிறது. 'பாபியோபெடிலம் ட்ரூரியி' என்பது அதன் தாவரவியல் பெயர். செருப்பு ஆர்க்கிட் என்று பொதுவாக அறியப்படும் பேரினத்தைச் சேர்ந்தது. அப்பேரினத்தின் பிற சிற்றினங்கள் வடகிழக்கு இந்தியா, இமயத்தின் கிழக்குச் சரிவுகள், தென்கிழக்காசியா, தென்சீனம் ஆகிய இடங்களில் பரவியுள்ளன. தீபகற்ப இந்தியாவில் அப்பேரினத்துக்கு இருக்கும் ஒரே உறவு, கேரளத்துக்கும் திருநெல்வேலிச் சீமைக்கும் எல்லையாக நிற்கும் அகத்தியமலைத் தொடரில் மட்டும் வாழ்கிறது. மிக அருகிலுள்ள உறவினமும் ஏறத்தாழ 2000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

செடியின் தோற்றத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பின்னால் நேர்ந்தவற்றுக்கு அதுவே காரணம். வாரைப் போன்ற, புள்ளியோ வரியோ இல்லாத பச்சை இலைகள். ஒரு காம்பில் ஒரே பூ. மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். மேற்புல்லியின் நடுவிலும் பக்க இதழ்களின் நடுவிலும் மையால் இழுத்தாற்போன்ற கரும்பழுப்புக் கோடு. கீழிதழ் தேன்மஞ்சள் நிறப் பையாகக் குழிந்திருக்கும். செருப்பு என்ற பெயருக்கு உரியது அந்தப் பைதான். தேனை எதிர்பார்த்து அதனுள் விழும் பூச்சிக்குத் தேன் கிடைப்பதில்லை. பின்புறத்து இடுக்கு வழியாக மகரந்தத்தை ஒட்டிக்கொண்டு வெளியேறுவது மட்டுமே அதற்கு மிஞ்சும். இவையெல்லாம் இப்பேரினத்துக்குப் பொதுவானவை. ட்ரூரியிக்கே சிறப்பாக அமைந்தவை இரண்டு. ஒன்று, மற்றச் செருப்பு ஆர்க்கிட்டுகள் பெரும்பாலும் குத்தாகக் கூடி வளர, இது நீண்டு ஊர்ந்து செல்லும் மட்ட நிலத்தண்டை உடையது. இரண்டு, காட்டு நிழலை விட்டு, ஏறத்தாழ 1400 மீட்டர் முதல் 1550 மீட்டர் வரையிலான உயரத்தில், பாறை இடுக்குகளிலும் புல் சரிவுகளிலும் வெயிலை ஏற்று வாழ்கிறது. இரு பருவமழைகளும் அதற்கு உண்டு. பின் சனவரி தொடங்கும் வறண்ட வாரங்களில் பனிமூட்டத்து ஈரத்தை நம்பிப் பூக்கிறது.

இதனை 1865இல் முதலில் கண்டவர் ஜான் ஆலன் பிரவுன் என்று தாவரவியல் நூல்கள் பதிந்துள்ளன. அவர் தாவரவியலாளர் அல்லர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பிரவுன், 1852இல் திருவனந்தபுரம் வானிலைக்கூடத்தின் இயக்குநராக வந்தவர். சுவாதித் திருநாள் காலத்தில் 1837இல் நிறுவப்பட்ட கூடம் அது. புவியின் காந்தப் புலம் நாள்தோறும் எவ்வாறு அசைகிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. சமவெளியில் எடுக்கும் அளவையும் மலையுச்சியில் எடுக்கும் அளவையும் ஒப்பிட வேண்டும் என்பதற்காக, 1855இல் அகத்தியமலையில் இரண்டாவது கூடம் ஒன்றை எழுப்பினார். பாதையற்ற காட்டில் கருவிகளைச் சுமந்து சென்றவர்களும், குளிரிலும் காற்றிலும் அங்கே தங்கி எண்களைக் குறித்தவர்களும் உள்நாட்டு ஊழியர்களே. மணிக்கொருமுறை ஊசியின் அசைவைப் பார்ப்பதற்காக ஏறிய மலையில் ஒரு பூ கண்ணில் பட்டது, அவ்வளவுதான். அவர் திருவிதாங்கூரை விட்டுப் புறப்பட்டதும் அதே 1865இல்தான்.

பெயர் அவருக்குக் கிடைக்கவில்லை. சென்னை மாகாண வனத்துறையின் தலைவராயிருந்த ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம், தம்முடைய 'ஐகோனெஸ் பிளான்டாரம் இந்தியே ஓரியன்டாலிஸ்' என்னும் படத்தொகுப்பில் 1874இல் இச்செடியை விவரித்து 'சிப்ரிபீடியம் ட்ரூரியி' என்று பெயரிட்டார். 'இந்தியாவின் பயனுள்ள தாவரங்கள்' என்னும் பொருள்படும் நூலை 1858இல் வெளியிட்டவரும், திருவிதாங்கூரில் பணியாற்றியவருமான கர்னல் ஹீபர் ட்ரூரியைச் சிறப்பிக்கும் பெயர் இது. பிரவுனின் காந்த அளவீடுகளின் முதல் தொகுதி, திருவனந்தபுரத்தையும் அகத்தியமலையையும் தலைப்பிலேயே தாங்கி இலண்டனில் வெளிவந்ததும் 1874இல்தான். மலை அவருடைய நூலுக்குத் தலைப்பாயிற்று, மலர் வேறொருவருடையதாயிற்று.

'வேறொருவருடையது' என்பது இங்கே இலக்கண வகையிலும் உண்மை. 'ட்ரூரியி' என்பதன் ஈற்றில் நிற்கும் 'இ' இலத்தீனில் உடைமைப் பொருளைத் தரும் வேற்றுமை உருபு. தமிழில் அது ஆறாம் வேற்றுமை. ஆறாம் வேற்றுமைப் பொருளைத் தமிழ் இலக்கணிகள் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பகுத்தனர். கையும் காலும்போல உடையவனைவிட்டுப் பிரிக்க இயலாதது தற்கிழமை. வேலும் வீடும்போலப் பிரித்து எடுக்கக்கூடியது பிறிதின்கிழமை. ஒரு சிற்றினத்தை மனிதர் ஒருவருக்கு உரிமையாக்கும் இலத்தீன் பெயர்கள் அனைத்தும் பிறிதின்கிழமை சார்ந்தவை. அச்செடிக்கும் அது வேரூன்றிய சரிவுக்கும் உள்ள உறவு இப்பெயரில் எங்கும் இல்லை. பெயரிடும் மரபின் குற்றம் என்று இதனை மிகைப்படுத்த வேண்டியதில்லை. மதிப்பு செலுத்துவதற்காக இட்ட பெயர்தான். ஆனால், மலையில் இருந்து பெயர்த்தெடுத்து எங்கும் கொண்டுசெல்லலாம் என்று நம்பிய காலத்தின் மனப்போக்குக்கு அந்த உருபு மிகவும் பொருந்திவிட்டது.

பேரினப் பெயர் பிற்காலத்தில் மாறியது. லின்னேயசு 1753இல் வைத்த 'சிப்ரிபீடியம்', சைப்ரசுத் தீவின் தெய்வமான அப்ரோடைட்டியின் செருப்பைக் குறிப்பது. ஜெர்மானியத் தாவரவியலாளர் பிட்சர் 1886இல் வெப்பமண்டலச் சிற்றினங்களைத் தனியே பிரித்து 'பாபியோபெடிலம்' என்றார். பாபோசு என்பது அத்தெய்வத்தின் கோயில் இருந்த ஊர். 1892இல் ஸ்டைன் என்பவர் ட்ரூரியியையும் அப்பேரினத்துக்கு மாற்றினார். செருப்புக்குரிய பெண் தெய்வம் அப்படியே இருந்தது. கேரள வனத்துறை நடத்தும் அகத்தியமலை ஏற்றத்தில் பெண்களுக்கு வழிவிட்டது 2018இன் கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு என்பதை நினைத்தால், சீமாட்டியின் செருப்பு மட்டும் அங்கே முன்கூட்டியே ஏறிவிட்டது எனலாம்.

உள்ளூர்ச் சொல் ஒன்று இருந்திருக்கலாமே என்று தேடுவோர்க்கு முதலில் கிடைப்பது 'மரவாழை'. 1693இல் வெளிவந்த 'ஹோர்த்துசு மலபாரிக்குசு' பன்னிரண்டாம் தொகுதியில் ஆர்க்கிட்டுகள் பல 'மரவர' என்னும் ஈற்றோடு வருகின்றன. மலையாளத்தில் இன்றும் மரவாழை என்றால் ஆர்க்கிட். மரத்தின்மேல் வாழ்வது என்பதே அச்சொல்லின் அடிப்படை. தரையில், பாறையிடுக்கில், வெயிலில் வளரும் செருப்பு ஆர்க்கிட்டை அச்சொல் தொடவில்லை. தமிழ் இதழ்களும் சில கலைச்சொல் பட்டியல்களும் ஆர்க்கிட்டுக்கு 'மந்தாரை' என்று எழுதுவது இதைவிட மோசமான குழப்பம். மந்தாரை வேறொரு குடும்பத்து மரம். ஆங்கிலத்தில் அம்மரத்தை 'ஆர்க்கிட் மரம்' என்று அழைப்பதே அக்குழப்பத்தின் வேராகத் தோன்றுகிறது. 'ஆர்க்கிட்' என்றே எழுதிவிடுவது நேர்மையானது.

பெயர் கிடைத்த செடி சந்தைக்குப் போகும் காலம் அது. இலண்டன் கோவென்ட் கார்டனில், கிங் தெருவில் இருந்த ஸ்டீவன்சு ஏலக்கூடம் அக்கால ஆர்க்கிட் வணிகத்தின் மண்டி என்றால் மிகையாகாது. கப்பலில் வந்த மூட்டைகள் அங்கே பிரிக்கப்பட்டன. இலையுதிர்ந்து, வேரழுகி, பாதி இறந்த செடிகளைச் செல்வர்களும் நாற்றுப் பண்ணைக்காரர்களும் ஏலத்தில் எடுத்தனர். செருப்பு ஆர்க்கிட்டுகள் அவ்வணிகத்தின் முன்வரிசையில் இருந்தன. லிண்ட்லி 1857இல் பெயரிட்ட 'பேரியேனம்' என்னும் சிற்றினத்தின் கதை நன்கு அறியப்பட்டது. இங்கிலாந்தில் பூத்துப் புகழ்பெற்ற அச்செடிகள் கண்ணாடி வீடுகளிலேயே ஒவ்வொன்றாக மடிந்தன. எங்கிருந்து வந்தது என்பதே தெளிவில்லாமல் போக, செயின்ட் ஆல்பன்சு நகரின் சாண்டர் நிறுவனம் அதனை மீண்டும் கண்டுபிடிப்போர்க்கு 1000 பவுன் அறிவித்தது. 1905 அளவில் பூட்டான் பக்கமிருந்து அது கிடைத்தது. மூட்டை மூட்டையாக வந்து இறங்கியதும் விலை விழுந்தது. இக்கதையில் வழக்கமாக வியக்கப்படுவது பரிசுத்தொகை. கவனிக்க வேண்டியது மற்றொன்று: ஐம்பது ஆண்டுகளாகக் கையில் இருந்த செடியை உயிரோடு வைத்திருக்கவோ பெருக்கவோ அக்காலத்தின் மிகச் சிறந்த தோட்டக்காரர்களாலும் இயலவில்லை.

ஏன் இயலவில்லை? முதல் காரணம், வெப்பமண்டலம் என்ற ஒற்றைச் சொல். இந்தியாவிலிருந்து வந்த செடி எதுவாயினும் அது புழுக்கத்தை விரும்பும் என்று கொண்டு, காற்றோட்டமில்லாத சூட்டு அறைகளில் அடைத்தனர். அறையைத் திறந்து காற்றை உள்ளே விட்ட ஜோசப் பாக்சுடன் போன்றோரின் மாற்றம் மெல்லவே பரவியது. 1500 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த இரவுகளைக் கண்ட செடிக்கு அந்த அறை ஒரு சூளை. ட்ரூரியியைப் பொறுத்தவரை மேலும் ஒரு சிக்கல் இருந்தது. ஊர்ந்து செல்லும் நிலத்தண்டை உடைய செடியைச் சிறிய வட்டத் தொட்டியில் நட்டால், இரண்டாம் ஆண்டிலேயே புது முளை தொட்டியின் விளிம்பைத் தாண்டி வெறுங்காற்றில் வேர்விடும், அவ்வேர் காய்ந்துபோகும். அகலமான, ஆழமற்ற சட்டியே அதற்கு ஏற்றது. செருப்பு ஆர்க்கிட் எதற்கும் நீர் சேர்த்து வைக்கும் பொய்க்குமிழ் கிடையாது; எனவே வேரைச் சுற்றி முற்றிலும் வறண்டுபோக விடக்கூடாது. நீர் தேங்கவும் கூடாது. கரி, மரப்பட்டை, உடைத்த செங்கல் என்று நீர் வடியும் ஊடகமே பொருந்தும். நீரைக் காலையில் விட வேண்டும். மாலையில் இலைக் கக்கத்தில் தங்கிய நீர் இரவுக் குளிரில் குருத்தை அழுகச் செய்துவிடும். வரியிலை உடைய சிற்றினங்கள் நிழலையும் வெம்மையையும் பொறுக்கும். வெற்றுப் பச்சை இலை உடையவற்றுக்குக் கூடுதல் ஒளியும் குளிர்ந்த இரவும் வேண்டும் என்பது வளர்ப்போர் அனுபவத்தில் கண்ட பொதுவிதி. ட்ரூரியி இவ்விதியின் வெயில் கோடியில் நிற்கிறது.

இரண்டாம் காரணம் விதை. ஆர்க்கிட் விதை தூசிக்கு நிகரானது. நெல்லுக்கு உள்ளதுபோல் முளைசூழ் தசை அதற்கு இல்லை. முளைக்க வேண்டுமானால் மண்ணிலுள்ள பூஞ்சை ஒன்று அதனுள் புகுந்து உணவூட்ட வேண்டும். இதனைப் பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயல் பெர்னார் 1899இல்தான் கண்டார். அதற்கு முன் இங்கிலாந்தின் தோட்டக்காரர்கள் தாய்ச்செடியின் தொட்டியிலேயே விதையைத் தூவி, சில முளைத்தால் மகிழ்ந்தனர். தொட்டிக்குள் பூஞ்சை இருந்தது அவர்களுக்குத் தெரியாது. 1922இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிசு நட்சன், பூஞ்சையின் இடத்தில் சர்க்கரையை வைத்தார். அகார் கூழில் சர்க்கரையும் உப்புகளும் கலந்து, கண்ணாடிக் குடுவையில் நுண்ணுயிர் புகாமல் விதைத்தபோது ஆர்க்கிட் முளைத்தது. 1960இல் ஜார்ஜசு மோரல் வளர்நுனித் திசுவிலிருந்து ஆர்க்கிட்டைப் பெருக்கும் வழியைக் காட்டிய பின், பல பேரினங்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. செருப்பு ஆர்க்கிட் மட்டும் அம்முறைக்கு எளிதில் பணியவில்லை. இன்றும் பெரும்பாலும் விதைவழியே வளர்க்கப்படுகிறது. விதையிலிருந்து பூவுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள், சில வேளை அதற்கும் மேல். காட்டிலிருந்து பிடுங்கி வந்தால் அடுத்த பருவமே பூக்கும். இந்தக் கணக்குத்தான் மலைகளை வெறுமையாக்கியது.

அகத்தியமலைக்கு அக்கணக்கு தாமதமாக வந்தது. ஆனால் விரைவாகத் தீர்க்கப்பட்டது. நெடுங்காலம் யாரும் காணாததால் இயற்கையில் அழிந்துவிட்டதோ என்று ஐயுறப்பட்ட ட்ரூரியி, 1970களின் தொடக்கத்தில் மீண்டும் கண்டறியப்பட்டது. அறிவியலுக்கு நற்செய்தியாகிய அதுவே வணிகர்களுக்கு வழிகாட்டியும் ஆயிற்று. சில சரிவுகளில் மட்டும் வாழும் செடி. பாறைமேல் ஊரும் தண்டு. பூக்கும் பருவத்தில் மஞ்சளாகத் தூரத்திலிருந்தே தெரியும். சில ஆண்டுகளில் பெருமளவு பெயர்த்தெடுக்கப்பட்டது. எஞ்சியதைப் புல்வெளித் தீ வாட்டியது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல் இதனை மிக அருகிய நிலையில் வைத்துள்ளது. ஓர் இனம் வாழும் இடத்தை எவ்வளவு துல்லியமாக ஆய்விதழில் எழுதலாம் என்ற கேள்வி இன்றைய தாவரவியல் மாணவர்க்கும் உரியது.

சட்டம் பின்னால் வந்தது. அருகிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிசு உடன்படிக்கை, 1989இல் எடுத்த முடிவின்படி பாபியோபெடிலம் முழுவதையும் முதல் பட்டியலுக்கு உயர்த்தியது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் தொடக்கத்தில் தாவரங்களுக்கு இடமில்லை. 1991இன் திருத்தம் ஆறாம் பட்டியலைச் சேர்த்தது. அதில் இடம்பெற்றவை ஆறே பதிவுகள்: பெட்டோமின் பெயர் தாங்கிய சைக்கசு, நீல வாண்டா, சிவப்பு வாண்டா, கோட்டம், காசி மலையின் குடுவைத் தாவரம், செருப்பு ஆர்க்கிட்டுகள். ட்ரூரியிக்குப் பெயர் வைத்தவரின் பெயரும் அப்பட்டியலில் வேறொரு செடியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. 2022இன் திருத்தத்துக்குப் பிறகு இத்தாவரங்கள் மூன்றாம் பட்டியலில் உள்ளன.

இச்சட்டத்தின் 17ஏ பிரிவு காட்டிலிருந்து பறிப்பதையும் பிடுங்குவதையும் தடுக்கிறது. அதில் எவர்க்கும் மறுப்பு இருக்க இயலாது. 17சி பிரிவோ உரிமம் இல்லாமல் வளர்ப்பதையே தடுக்கிறது. 17டி வணிகத்துக்கும் அதே நிபந்தனையை விதிக்கிறது. மண்டி மொஹல்லாவின் மொட்டைமாடியில் நிழல்வலை கட்டி இச்செடியை வளர்க்க விரும்பும் ஒருவர், அது குடுவையில் விதையிலிருந்து பிறந்ததாயினும், தலைமை வன உயிரினக் காப்பாளரின் உரிமத்தை நாட வேண்டும். கடல்கடந்த நாடுகளிலோ, குடுவையில் பிறந்த செருப்பு ஆர்க்கிட் நாற்றுகளுக்குச் சைட்டிசே விலக்கு அளித்திருக்கிறது. அங்கே பண்ணைகள் வெளிப்படையாக விற்கின்றன. காட்டுச் செடியையும் குடுவைச் செடியையும் கண்ணால் பிரித்தறிவது கடினம் என்பதால் கடுமை தேவைப்பட்டது என்ற வாதத்தில் வலு உண்டு. ஆயினும் வளர்க்கும் அறிவு பரவினால்தான் பிடுங்கும் தேவை குறையும். அவ்வறிவைப் பிறந்த நாட்டிலேயே உரிமத்துக்குள் பூட்டி வைத்திருப்பது சட்டத்தின் நோக்கத்துக்கே இடையூறு.

அறிவு முற்றிலும் பூட்டப்படவில்லை. 1979இல் திருவனந்தபுரத்துக்கு அருகே பாலோட்டில் நிறுவப்பட்ட வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம், ட்ரூரியியின் விதைகளை ஆய்வகத்தில் முளைக்கச் செய்து, நாற்றுகளை மலைக்கே திருப்பிக் கொண்டுசென்று நட்டது. இதே நிறுவனம்தான் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப் பச்சையிலிருந்து 'ஜீவனி' மருந்தை உருவாக்கி, அதன் வருவாயில் ஒரு பங்கை அவர்களுக்கு அளித்து உலகறிந்த முன்மாதிரியானது. இரு செடிகளும் ஒரே மலைத்தொடரில், ஒரே காணிகளின் காட்டில் இருப்பவை. ஒன்று களைப்பைப் போக்கும். ஆகவே அதனைக் காட்டியவர்கள் வரலாற்றில் இடம்பெற்றனர். மற்றொன்று பூப்பதைத் தவிர வேறு பயனற்றது. அதனைப் பிரவுன் கண்டபோது உடன் நடந்தவர் எவர் என்பதைக் கேட்கும் தேவைகூட எவர்க்கும் தோன்றவில்லை.

குடுவையில் சர்க்கரை உண்டு வளர்ந்த நாற்று மலையில் நிலைப்பது எளிதன்று. குடுவைக்குள் அதற்கு வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, பூஞ்சையும் இல்லை. முதலில் ஈரக் கூண்டிலும், பின் நிழல்வலையின் கீழும், இறுதியாகத் திறந்த வெளியிலும் படிப்படியாகப் பழக்கிய பின்பே பாறையிடுக்கில் வைக்க இயலும். வைத்த பிறகும் முதல் கோடைகாலமே சோதனை. சரிவுப் புல் காய்வது சனவரி முதல் மார்ச்சு வரை. தீ பரவுவதும் அப்போதுதான். செடி பூப்பது அம்மாதங்களிலேயே. கேரள வனத்துறை அகத்தியமலை ஏற்றத்துக்கு ஆண்டுதோறும் அனுமதி வழங்குவதும் பெரும்பாலும் அவ்வாரங்களில்தான்.